சாம்பர் ஏரி: வெள்ளைத் தரையை நம்பி இறங்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் லீவில் 8, 12 வயதுப் பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள மாமியாரோடும் ராஜஸ்தானில் உள்ள சாம்பர் உப்பு ஏரிக்கரையில் நடக்க ஆசை. டெல்லியிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா? (வாசகி, ஆர்.கே. புரம்)

பதில்: வேண்டாம். ஜெய்ப்பூரே சுமார் 270 கி.மீ.; அங்கிருந்து இன்னும் 80 கி.மீ. போக வேண்டும். முதல் நாளே ஜெய்ப்பூரில் தங்கிவிடுங்கள். ரயில் என்றால் புலேரா ஜங்ஷன் பக்கம்.

நடக்க நல்ல இடம், ஏரியைக் குறுக்கே பிரிக்கும் 5.1 கி.மீ. நீளக் கல் அணை. கிழக்கே உப்பளம், மேற்கே இயற்கையான ஏரி. உப்பளம் சாம்பர் சால்ட்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால், அணைமேல் போக அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு நீளமும் போய்த் திரும்பினால் 10 கி.மீ. ஆகிவிடும்; சின்னவனுக்கு அது அதிகம். காலை 8 மணிக்கு அணையில் நடக்க ஆரம்பித்து, எங்கே இருந்தாலும் 9.15க்குத் திரும்பிவிடுங்கள். மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் போதும். அவரால் நடக்க முடியாவிட்டால் சாம்பர் ஊருக்குள்ளேயே தேவயானி குளம் இருக்கிறது. யயாதி கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் குளம்; அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

பெரியவருக்கு இரண்டரை லிட்டர், பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்று உடம்பை உறிஞ்சிவிடும். அரை மணிக்கு ஒருமுறை நீங்களே குடிக்கச் சொல்லுங்கள். மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லி சாயங்காலம் வரை தாங்கும். உப்பில் பட்டு வெயில் கீழிருந்தும் அடிக்கும், தொப்பி அதைத் தடுக்காது. தாடைக்கு அடியிலும் மூக்கு நுனியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி பிள்ளைகளுக்கும் வேண்டும்.

கேள்வி: தண்ணீர் வற்றிய இடத்தில் உப்புமேல் நடந்து போட்டோ எடுக்கலாமா? (வாசகர், மயூர் விஹார்)

பதில்: உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடந்து காட்டாத இடத்தில் கூடாது. மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரிவது வெறும் உப்புப் பொருக்கு. அடியில் கறுப்புச் சேறு. பொருக்கு எங்கே தடிமன், எங்கே அப்பளம் போல என்று கண்ணால் சொல்ல முடியாது. சாம்பல் நிறமாக, ஈரம் மினுங்கினால் அங்கே நிச்சயம் புதையும்.

கால் உள்ளே போனதும் எல்லாரும் செய்வது, மற்றக் காலை ஊன்றி இழுப்பது. அதனால் அந்தக் காலும் போகும். அப்படியே பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடை பரவும். காலை மெல்ல ஆட்டினால் சேறு தளரும், அப்புறம் இழுங்கள். ஷூ மாட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள். செருப்பு ஆகாது, வாருக்கு அடியில் உப்பு புகுந்து தோலை அறுக்கும். பழைய கேன்வாஸ் ஷூவும் சாக்ஸும் நல்லது. காலையும் ஷூவையும் கழுவ வண்டியில் தனியாக 5 லிட்டர் நல்ல தண்ணீர் வையுங்கள்.

உப்புப் பாத்தி ஓரத்திலேயே பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்கள். உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் சிவந்திருக்கும். கரையில் படிந்த உப்பு சின்னச் சின்னக் கட்டங்களாக, படிக்கட்டுபோல அடுக்கியிருக்கும். நடு ஏரி போட்டோவைவிட இது மேல்.

கேள்வி: பூநாரைகளை எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்? (மாணவி, கரோல் பாக்)

பதில்: பைனாகுலர் எடுத்துப் போங்கள். இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நாலடி பின்னால் வாருங்கள். செத்த பறவையைத் தொடாதீர்கள். 2019 நவம்பரில் இங்கே பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு நோயால் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன. அப்படி எதையாவது பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.