டூல்செயின் பில்ட் ஆகவில்லை என்றால் எம்பெடட் துறையை விட்டுவிடலாமா?

தம்பி, முதலில் அந்த பில்டை நிறுத்துங்கள்.

கார்டெக்ஸ்-எம் (ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த சின்ன புராசஸர்) போர்டுக்காக ஜிசிசி என்ற சி கம்பைலரை சோர்ஸிலிருந்து கட்டுகிறேன் என்று மூன்று வாரமாக மல்லுக்கட்டிவிட்டு, "எம்பெடட் எனக்கு வராது போலிருக்கிறது, வெப் பக்கம் போய்விடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெப் மேல் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். டூல்செயின், அதாவது கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும், பில்ட் ஆகவில்லை என்ற கோபத்தில் மட்டும் போகாதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவரை யாரும் முதல் நாளே கம்பைலரைக் கட்டச் சொல்வதில்லை. ஆர்ம் நிறுவனமே கட்டி முடித்த ஜிசிசியை இலவசமாகத் தருகிறது. இறக்கி, விரித்து, பாத்தில் சேர்த்தால் அரை மணி நேர வேலை.

ஆனாலும் எங்கே சறுக்கினீர்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. கம்பைலர் ஓடுவது உங்கள் லேப்டாப்பில். அது உருவாக்கும் கோடு ஓடப்போவது போர்டில். இதைத்தான் கிராஸ் கம்பைலர் என்பார்கள். முழு ஜிசிசியைக் கட்ட அந்த போர்டுக்கான சி லைப்ரரி வேண்டும். அந்த லைப்ரரியைக் கட்ட அந்த போர்டுக்கான ஜிசிசி வேண்டும். கோழியா முட்டையா கதைதான். அதனால் முதலில் பின்யூட்டில்ஸ், அதாவது அசெம்ப்ளரும் லிங்கரும். அடுத்து லைப்ரரி இல்லாத, சி மட்டும் தெரிந்த அரைகுறை ஜிசிசி. அதை வைத்து நியூலிப், அதாவது போர்டுக்கான அந்த சி லைப்ரரி. கடைசியில்தான் முழு ஜிசிசி. உங்கள் லாகில் சி லைப்ரரியின் எஸ்டிடிஐஓ ஹெடர் கிடைக்கவில்லை என்று வந்திருப்பதைப் பார்த்தால், அந்த அரைகுறைக் கட்டத்தில், ஹெடர்களைத் தேடாதே என்று சொல்லும் 'வித்அவுட்-ஹெடர்ஸ்' ஆப்ஷனைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு காலத்தில், எந்தப் புராசஸருக்கு என்று சொல்லும் 'டார்கெட்' ஆப்ஷனைக் கொடுக்க மறந்து, ராத்திரி முழுக்க பில்ட் ஓடவிட்டு, காலையில் பார்த்தால் என் லேப்டாப்புக்கே இன்னொரு கம்பைலர் செய்து வைத்திருந்தேன்.

சரி, இனி என்ன செய்வது? ரெடிமேட் டூல்செயினை வைத்து, எல்இடி மினுக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதுங்கள். ஒரே நிபந்தனை: ஐடிஇ (எல்லாவற்றையும் தானே செய்துவிடும் எடிட்டர்) வேண்டாம். கோடும் டேட்டாவும் மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டையும், மெயினுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்அப் கோடையும் நீங்களே எழுத வேண்டும். இன்டர்வியூவில் உட்காரும்போது இந்த இரண்டு ஃபைல்தான் கைகொடுக்கும்.

கம்பைல் செய்ததை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். 'எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்' என்று மறுத்துவிடும். 'ஃபைல்' கமாண்ட் கொடுத்தால் இது 32 பிட் ஆர்முக்கான ஈஎல்எஃப் (புரோகிராம் ஃபைலின் ஒரு வடிவம்) என்று சொல்லும். அப்புறம் 'ஆப்ஜ்காப்பி'யால் அதை வெறும் பைனரியாக மாற்றி, ஹெக்ஸில் திறந்து முதல் எட்டு பைட்டைப் பாருங்கள். உங்கள் போர்டு 20 கேபி ராம் உள்ள எஸ்டிஎம்32 (கார்டெக்ஸ்-எம் சிப் வகை) என்பதால், ஸ்டாக்கை ராமின் உச்சியில் வைத்திருந்தால் முதல் நான்கு பைட் 00 50 00 20 என்று இருக்கும். கடைசி பைட்டிலிருந்து திருப்பிப் படித்தால் 20005000. ராம் 20000000-இல் தொடங்குகிறது, 20 கேபி என்பது ஹெக்ஸில் 5000. ஸ்டாக் தொடங்கும் இடம் அதுதான். அடுத்த நான்கு பைட், போர்டு ஆன் ஆனதும் முதலில் ஓடும் ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி. கோடு இருக்கும் ஃபிளாஷ் மெமரி 08000000-இல் தொடங்குவதால் அதையொட்டிய எண்ணாக இருக்கும், ஆனால் ஒற்றைப்படையாக இருக்கும். கோடு எல்லாம் இரட்டைப்படை முகவரியில்தானே இருக்கிறது, இது மட்டும் ஏன் இப்படி? கார்டெக்ஸ்-எம்முக்குத் தம்ப் என்ற சுருக்கமான ஆர்ம் கட்டளைகள் மட்டுமே தெரியும். அதைச் சொல்லும் அடையாளம்தான் கடைசி பிட்டில் உள்ள 1. அது 0 ஆக இருந்தால் ஃபால்ட் அடித்து நின்றுவிடும். நான் இன்டர்வியூ எடுத்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரையும் விட்டதில்லை.

அதே போல, மெயினுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதும். ஒரு குளோபல் வேரியபிளுக்கு 7 என்று மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள். பவர் போனால் ராம் காலி. திரும்ப ஆன் செய்ததும் அந்த 7 எங்கிருந்து வருகிறது? ஃபிளாஷிலிருந்து ராமுக்கு அதை நகலெடுப்பதும், மதிப்பு கொடுக்காத வேரியபிள்களைப் பூஜ்யமாக்குவதும் உங்கள் ஸ்டார்ட்அப் கோடின் வேலை. அந்தச் சின்ன லூப்பை ஒரு தடவை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஜிடிபி டீபகரில் அந்த வேரியபிளைப் பாருங்கள். குப்பை மதிப்பு தெரியும். பார்த்தவர்களுக்கு மறக்காது.

ரெஸ்யூமில் 'கிராஸ் கம்பைலர் தெரியும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். எல்லோரும் போடுவது அது. லிங்கர் ஸ்கிரிப்ட், ஸ்டார்ட்அப் கோடு இரண்டையும் மேக்ஃபைலோடு ரெப்போவில் போட்டு அதன் லிங்கைக் கொடுங்கள்.

எம்பெடட் லினக்ஸ் பக்கம் போனால் டூல்செயின் கட்டும் வேலை திரும்ப வரும், ஆனால் அங்கே பில்ட்ரூட், யோக்டோ என்ற பில்ட் கருவிகள் பெரும்பாலானதைப் பார்த்துக்கொள்ளும். ஆர்முக்குப் பதில் ரிஸ்க்-ஃபைவ் புராசஸர் என்றாலும் கட்டும் வரிசை இதேதான், டார்கெட் பெயர்தான் மாறும்.

"இன்னுமா லைட் எரியவில்லை?" என்று அப்பா தினமும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வழியில் போனால் ஒரு வாரத்தில் எரிந்துவிடும், சொல்லிவையுங்கள். பாதியில் நிற்கும் பில்டின் லாகை மட்டும் அழிக்க வேண்டாம். செமஸ்டர் முடிந்ததும், டூல்செயினைத் தானே கட்டித்தரும் கிராஸ்டூல்-என்ஜி வைத்து ஒரு தடவை முழுதாகக் கட்டுங்கள். அது எந்த வரிசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டே உங்கள் பழைய லாகைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.