‘ஏஐ தேர்ந்தெடுத்த ஸ்டெம் செல்’ ஊசியை அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. இரண்டு கண்ணிலும் உலர் வகை மாகுலா தேய்மானம் (விழித்திரையின் நடுப்பகுதி மெல்ல மெல்லத் தேய்வது). எதிரே இருப்பவரின் முகம் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து, ஏஐ மூலம் நல்ல செல்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட ஒரு கிளினிக்கில் 3 லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தாலும் வேண்டாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே நோயுள்ள மூன்று பெண்களுக்கு இதே மாதிரி, கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர் வாங்கினார்கள். ரத்தக்கசிவும் விழித்திரை விலகலும் வந்து மூவரும் பெரும்பாலும் பார்வை இழந்தார்கள். 2017-ல் மருத்துவ இதழில் வெளியான விவரம் இது. கொழுப்பில் இருக்கும் செல்லைக் கண்ணுக்குள் விட்டதால் மட்டும் அது விழித்திரை செல்லாகிவிடாது.

அம்மாவின் கண்ணில் அழிந்துவருவது, ஒளி உணரும் செல்களுக்குக் கீழே இருந்து அவற்றைப் பராமரிக்கும் நிறமிப் படலம். அதை ஆய்வகத்தில் வளர்க்க முடியும். ஜப்பானின் கோபே நகரில் 2014-ல், ஈர வகை (விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் கசியும் வகை) மாகுலா நோயுள்ள ஒரு பெண்ணுக்கு, அவருடைய தோல் செல்லையே ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து உருவாக்கிய படலத்தை முதன்முறையாக வைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் படலம் அப்படியே இருந்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏஐ உண்மையிலேயே உதவுவது இந்த வளர்ப்பு வேலையில்தான். எந்த மருந்தை எவ்வளவு, எத்தனை நாள், செல்லை எவ்வளவு மென்மையாகக் கையாள்வது என்று பார்த்தால் சுமார் 20 கோடி சேர்க்கைகள் வரும். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தினர் ஒரு ரோபோவிடம் வளர்ப்பைக் கொடுத்து, அடுத்து எதைச் சோதிக்கலாம் என்பதை ஏஐ-யிடம் விட்டார்கள். 111 நாளில் 143 முறைகளைச் சோதித்து, செல்கள் நிறமிப் படலமாக மாறுவதைக் காட்டும் நிறமேறும் அளவை 88 சதவீதம் கூட்டினார்கள். 2022-ல் வெளிவந்த வேலை இது. செல்களை அழிக்காமல், படத்தை மட்டும் பார்த்தே படலம் சரியாக இயங்குமா என்று கணிக்கும் ஏஐ-யும் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு செல்லின் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே வலையாகப் பார்த்து, வளர்த்த செல் அசல் செல்லோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்டுவது சிஸ்டம்ஸ் பயாலஜி. மனம் நிறைய நம்பிக்கை தரும் வேலைகள் இவை. ஆனால் எல்லாமே ஆய்வகத்துக்குள் நடப்பவை. கிளினிக் சொல்லும் ஏஐ-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம் நாட்டில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் (CTRI) பதிவு எண்ணை அந்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் ஒரு விழித்திரை நிபுணரிடம் காட்டுங்கள். நோய் நடுத்தர நிலையில் இருந்தால் லூட்டீன், துத்தநாகம் சேர்ந்த ஏரெட்ஸ்-2 மாத்திரை அது முற்றுவதைத் தள்ளிப்போடும். படிக்க உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம் இரண்டும் பெரிய துணை. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம் போட்ட தாளை அம்மா பார்க்கட்டும். கோடுகள் நெளிந்து தெரிந்தால் ஈர வகைக்கு மாறியிருக்கலாம். அதற்குப் பலன் தரும் ஊசி இருக்கிறது. அப்போது ஒரு வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.