ஒரே குடை போதுமா? – சாலை ஆராய்ச்சி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்றியச் சாலைகளைப் பார்க்கும் உதவிப் பொறியாளன் நான். எங்கள் வட்டாரத்தில் மட்டும் மூன்று பொறியியல் கல்லூரிகள் கழிவு பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலையை ஆய்வு செய்திருக்கின்றன. மூன்றிலும் தார்க்கலவையின் வலிமையை அளக்கும் அதே மார்ஷல் சோதனை, மூன்றிலும் ‘வலிமை கூடியது’ என்ற அதே முடிவு. அறிக்கைகள் பைண்டு போட்டு அலமாரியில் இருக்கின்றன. என் எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட அவற்றால் மாறவில்லை. சாலை, ரயில், பேருந்து என்று எல்லா ஆராய்ச்சியையும் அமெரிக்காவைப் போல ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தால் இந்த வீண்செலவு நிற்காதா? அரசு ஆராய்ச்சியை ‘ஒருங்கிணைப்பது’ என்றால் நடைமுறையில் என்னதான் செய்கிறார்கள்?

ம., சேலம்

அன்புள்ள ம.,

அமெரிக்காவில் அப்படி ஒரு குடை கிடையாது. வாஷிங்டனில் நெடுஞ்சாலைக்கு ஒரு நிர்வாகம், ரயிலுக்கு இன்னொன்று, நகரப் போக்குவரத்துக்கு வேறொன்று. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனித் துறை, தனித்தனி ஆராய்ச்சிப் பிரிவு. போதாததற்குப் பல்கலைக்கழக மையங்கள். இத்தனை பேரையும் ஒருவர் உட்கார்ந்து மேய்ப்பதில்லை. ஆனால் மூன்று நான்கு இடங்களில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது, கேள்வியை யார் எழுதுகிறார், விடை எந்த விதிநூலில் போய் உட்காரும் என்பவைதான் அந்த முடிச்சுகள்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம், மாநிலங்களுக்குத் தரும் சாலை நிதியில் 1.5 சதவீதம் வரை அளவெடுப்பு, திட்டமிடல், ஆய்வு ஆகியவற்றுக்குச் செலவிடலாம் என்றது. 1991-ல் அது முக்கிய நிதித் தலைப்புகளில் 2 சதவீதம் கட்டாய ஒதுக்கீடாக மாறியது. அதில் குறைந்தது கால்பங்கு ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும். நம் கணக்கில் சொன்னால், 100 கோடி வந்தால் 2 கோடி தனியே நிற்கும். அதில் 50 லட்சத்தை ஆராய்ச்சியைத் தவிர வேறெதற்கும் தொட முடியாது. மார்ச் மாதக் கடைசியில் மிச்சப் பணத்துக்கு ஆய்வு தேடுகிற பழக்கம் இதனால் குறைகிறது. அந்த 2 கோடியிலிருந்து மாநிலங்கள் தாமாக விரும்பி 5.5 சதவீதத்தை, அதாவது 11 லட்சத்தை, ஒரு பொது உண்டியலில் போடுகின்றன. 1962-ல் தொடங்கிய தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் என்பது அந்த உண்டியல்தான். இது தவிர, இரண்டு மூன்று மாநிலங்களுக்கு மட்டும் ஒரே தலைவலி இருந்தால் அவை தங்களுக்குள் காசு சேர்த்து ஒரு மாநிலத்தை முன்னிறுத்தி ஆய்வு நடத்தவும் வழியுண்டு. அப்படிச் சேர்ந்தால் மாநிலம் வழக்கமாகப் போட வேண்டிய 20 சதவீதப் பங்கை விட்டுக்கொடுக்கவும் ஒன்றிய அரசுக்கு இடமிருக்கிறது. சேர்ந்து செய்தால் செலவு குறையும் என்று சொன்னால், உபதேசமே வேண்டியதில்லை.

அடுத்தது கேள்வி. இங்கேதான் உங்கள் மூன்று கல்லூரிகளும் வழுக்கியிருக்கின்றன. பொது உண்டியலுக்குப் பேராசிரியர் நேராகத் தலைப்புக் கொடுத்துவிட முடியாது. மாநிலத் துறையோ, துறைகளின் சங்கத்தில் உள்ள தொழில்நுட்பக் குழுவோ, ஒன்றிய நெடுஞ்சாலை நிர்வாகமோதான் கொடுக்க வேண்டும். என்ன சிக்கல், ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள், விடை கிடைத்தால் எந்த வழிகாட்டி நூலின் எந்தப் பகுதி மாறும், எவ்வளவு பணம், எத்தனை மாதம் என்று சுருக்கமாக எழுதினால் போதும். மாநிலங்கள் அதற்கு மதிப்பெண் போட்டுத் தேர்வு செய்கின்றன. தேர்வான பிறகு ஒரு குழு அமைகிறது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் விடையைப் பயன்படுத்தப் போகிற பொறியாளர்கள். அவர்கள்தான் வேலை வரையறை எழுதி, டெண்டர் போல விண்ணப்பம் கேட்டு, ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவில் இருப்பவர் அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சின்ன விதிதான், ஆனால் இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொத்தையாகிவிடும்.

இதில் மெதுவான நடையும் உண்டு. கேள்வி எழுதிய நாளிலிருந்து அறிக்கை கைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகிவிடும். அதனால், ‘மற்ற மாநிலங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?’ என்ற வகைக் கேள்விகளைத் தனியாகப் பிரித்து, புதுச் சோதனை எதுவும் செய்யாமல், இருக்கும் நடைமுறைகளை விசாரித்துத் தொகுத்துத் தரும் ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். நம்மூரில் ‘ஆராய்ச்சி தேவை’ என்று கோப்பில் எழுதப்படுவதில் பாதி, இப்படி நாலு இடத்தில் விசாரித்தாலே தீர்ந்துவிடக் கூடியது என்பது என் அபிப்பிராயம்.

விடை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் சாலைத்தள வடிவமைப்பு விதிநூலான ஐ.ஆர்.சி. 37-ஐத் திறந்தால் 80 கிலோநியூட்டன் ஸ்டாண்டர்டு ஆக்சில் வரும்; கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ஒரு அச்சின் சுமை அது. அதாவது 8.16 டன், பழைய கணக்கில் 18,000 பவுண்டு. அந்த 18,000 பவுண்டு புகழ்பெற்றது இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே, ஆஷோ என்ற மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கத்துக்காக நடந்த சாலைச் சோதனையில். 1958 அக்டோபரிலிருந்து 1960 நவம்பர் வரை, ஆறு வளையச் சாலைகள். ஒன்றில் மட்டும் வண்டியே விடவில்லை. வெயிலும் பனியும் மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க. மற்ற ஐந்திலும் லேனுக்கு ஒரு சுமை, ஒரு டன்னுக்கும் குறைவான ஆக்சில் முதல் 13 டன்னைத் தாண்டிய ஆக்சில் வரை. ராணுவப் போக்குவரத்துப் படை வீரர்கள் லாரிகளை ஓட்டினார்கள். 11 லட்சத்து 14 ஆயிரம் ஆக்சில் கடப்புகள், 836 சோதனைத் துண்டுகள், 2 கோடியே 70 லட்சம் டாலர். எந்த மாநிலமும் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை. எல்லோரும் பணம் போட்டு, நெடுஞ்சாலை ஆராய்ச்சி வாரியத்தின் கையில் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து வந்ததுதான் நான்காம் அடுக்கு விதி: சுமையை இரண்டு மடங்காக்கினால் சேதம் இரண்டு மடங்காகாது, 16 மடங்காகும். 2018-ல் இந்தியாவில் நான்கு டயர் ஒற்றை ஆக்சிலின் அனுமதியை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்களே, அதைப் போட்டுப் பாருங்கள். 10.2-ஐ 8.16-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் 2.44. 11.5-க்கு 3.94. ஆக்சில் சுமை 13 சதவீதம் கூடியது. சாலைக்கு விழும் அடி 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. விடை இப்படி ஒரு பெருக்கல் கணக்காக விதிநூலில் உட்கார்ந்துவிட்டால், அறிக்கையை யாரும் படிக்காவிட்டாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதே சோதனையில் பெரிய ஓட்டையும் இருந்தது. ஒரே அடிமண், ஒரே தட்பவெப்பம், இரண்டே ஆண்டு. இதை நடத்தியவர்களே உணர்ந்து, மாநிலங்கள் தங்கள் மண்ணில் துணைச் சோதனைகள் செய்ய வேண்டும் என்று வழிகாட்டியும் வெளியிட்டார்கள். அது திட்டமிட்ட அளவில் நடக்கவில்லை. குறையை அடைக்க 1987-ல் 15 கோடி டாலரில் ஐந்தாண்டு மூலோபாய ஆராய்ச்சித் திட்டம் வந்தது. அதன் ஒரு கிளையாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் சாலைகளிலேயே 2,500-க்கும் மேற்பட்ட துண்டுகளைக் குறித்து நீண்டகாலக் கண்காணிப்பு தொடங்கினார்கள். விரிசலை எண்ணினார்கள், பள்ளத்தை அளந்தார்கள், சுமையைப் போட்டுத் தார்த்தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார்கள். ஆனால் பல துண்டுகளில் எவ்வளவு எடையுள்ள லாரிகள் போயின என்ற கணக்குச் சரியாக இல்லை. அதைத் தர வேண்டியது மாநிலங்களின் பொறுப்பாக இருந்தது. நோயாளியின் ஜுரத்தைத் தினமும் குறித்துவைத்துவிட்டு, என்ன சாப்பிட்டார் என்று எழுதாமல் விட்டது போல. கடைசியில் அதற்கென்றே ஒரு கூட்டு நிதி ஆய்வைத் தொடங்கி, ஓடும் வண்டியை நிறுத்தாமலே எடைபோடும் சென்சார்களைச் சாலையில் பதிக்க வேண்டி வந்தது.

நீங்கள் சொல்லும் குடை, ரயிலும் சாலையும் சந்திக்கிற இடத்தில்தான் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அங்கே அமெரிக்காவும் அடிபட்டுத்தான் கற்றது. 1995 அக்டோபர் 25, இல்லினாயின் ஃபாக்ஸ் ரிவர் குரோவ். லெவல் கிராசிங்கைத் தாண்டிய பள்ளிப் பேருந்து சிக்னலில் சிவப்புக்கு நின்றது. பேருந்தின் பின்பக்கம் தண்டவாளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் வருவது தெரிந்ததும் சாலை சிக்னல் பச்சையாகி வண்டிகளை வெளியேற்ற வேண்டும். இரண்டையும் இணைக்கும் கம்பி இருக்கத்தான் செய்தது. ஆனால் பச்சை விழுந்ததற்கும் ரயில் வந்ததற்கும் நடுவே சில நொடிகளே இருந்தன. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். ரயில்வே தன் எச்சரிக்கை நேரத்தைத் தன் விதிப்படி வைத்திருந்தது, சாலைத்துறை தன் சிக்னல் நேரத்தைத் தன் விதிப்படி வைத்திருந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

துறைகளுக்கு மேலே ஒரு குடை பிடிக்கவும் முயன்றார்கள். 2004-ல் சட்டம் போட்டு ஆராய்ச்சிக்கென்று தனி நிர்வாகம் ஒன்றை உருவாக்கினார்கள். 2014-ல் அதைக் கலைத்து அமைச்சர் அலுவலகத்துக்குள் சேர்த்தார்கள். 2015 சட்டப்படி ஒவ்வொரு நிர்வாகமும் ஆண்டுதோறும் மே மாதத்துக்குள் தன் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றையே இருவர் செய்யவில்லை என்று மேலே சரிபார்ப்பார்கள். பட்டியல் முடிந்தபின் சேர்த்துக் குத்தும் ஸ்டேப்ளர் என்றுதான் இதைச் சொல்வேன். இரட்டிப்பைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு துறைக்கும் நடுவே விழுந்துவிட்ட கேள்வி எந்தப் பட்டியலிலும் இருக்காது என்பதால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரட்டிப்பையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். அதே கலவையைக் கரிசல் மண்ணிலும் கடலோர மணலிலும் போட்டுப் பார்த்தால் அது இரட்டிப்பாகாது. ஒரே ஆய்வகத்து ஜல்லியில் மூன்று பேர் மார்ஷல் செய்தால்தான் இரட்டிப்பு. அமெரிக்காவில் ஒன்றிய ஆராய்ச்சிப் பணத்தைத் தொடும் மாநிலம், திட்டம் போடும்போது பொதுத் தரவுத்தளத்தைத் தேடிப் பார்க்க வேண்டும், நடக்கும் ஆய்வை அதில் பதிய வேண்டும், முடிந்த அறிக்கையையும் சேர்க்க வேண்டும். விதியிலேயே எழுதியிருக்கிறது.

இந்தியாவில் இந்த முடிச்சுகள் இல்லாமல் இல்லை. ஜெயகர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1934-ல் வந்த இந்தியச் சாலைப் பேரவைதான் ஐ.ஆர்.சி. ரயிலுக்கு, 1957-ல் உருவான ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு லக்னோவில் இருக்கிறது. சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து மேல்தளத்தை வடிவமைப்பது பற்றி மத்திய அமைச்சகம் நடத்திய ஆர்-6 ஆய்வு ஐ.ஆர்.சி. 81-க்குள் போனது, ஐ.ஐ.டி. கரக்பூரில் நடந்த ஆர்-56 ஐ.ஆர்.சி. 37-க்குள் போனது. பிளாஸ்டிக் சாலையும் அப்படித்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் தொடங்கிய வேலை, 2013-ல் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 98 என்ற வழிகாட்டி நூலாகி, நாடு முழுவதும் எஸ்டிமேட்டில் எழுதத்தக்கதாகியது. 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் தங்கும் துண்டு, தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம், பி.வி.சி. கூடவே கூடாது என்று அளவுகள் அதில் வந்துவிட்டன. அதற்குப் பிறகும் ‘வலிமை கூடுமா’ என்று கேட்டால் அலமாரிதான் கதி. ஜல்லியைச் சூடாக்கி ஒரே உருளையில் தாருடன் கலக்கும் டிரம் மிக்ஸ் பிளான்டில் தீச்சுவாலையில் படாமல், தாருக்கு முன்பே, சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் ஒரே சீராகப் படிகிறதா? எட்டு மழைக்காலம் தாண்டிய துண்டில் பக்கத்துச் சாதா துண்டைவிடக் குழி குறைவா? இவை விடை கேட்கிற கேள்விகள். எந்த ஷரத்தை மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் மேலதிகாரி வழியாகக் கல்லூரிக்குக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் கலவை போடப்போகும் சோதனைத் துண்டுக்கும், அதையொட்டிச் சாதாக் கலவை போடப்போகும் துண்டுக்கும், மேல்தளம் போடுவதற்கு முன்னால், மழை முடிந்து அடிமண் ஈரமாக இருக்கும்போது, பாரமேற்றிய லாரியின் சக்கரத்தடியில் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் பெங்கல்மேன் பீம் வைத்து அமுக்கத்தை அளந்துவிடுங்கள். லேனுக்குக் குறைந்தது பத்துப் புள்ளி. லேன் 3.5 மீட்டருக்குக் குறைவானால் விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி. தார்த்தளத்தின் வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள். 35 டிகிரிக்குத் திருத்த வேண்டியிருக்கும். ஒரு முழு நாள் லாரிகளை எண்ணி, சிலவற்றையாவது எடைபோட்டும் வையுங்கள். மேல்தளம் விழுந்துவிட்டால் பழைய சாலையின் அமுக்கத்தை அளக்க வழியே கிடையாது.