துணிப் பரிசோதனையில் கேமரா மனிதக் கண்ணுக்கு மாற்றாகுமா?

நெய்த துணியின் குறைகளைக் கண்டறிய இயந்திரப் பார்வை அமைப்பு ஒன்றை உருவாக்கப் போவதாகவும், அதற்கு எந்த ஆழ்கற்றல் மாதிரி (படங்களைப் பார்த்துக் கற்கும் மென்பொருள்) ஏற்றது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய அமைப்புகளை நிறுவும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். விளக்கை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடியிலிருந்து ஒளியை ஊடுருவ விட்டால் ஓட்டை, விடுபட்ட ஊடை (குறுக்கு நூல்), அறுந்த பாவு (நெடுக்கு நூல்), தடித்த இழை ஆகியவை தனித்துத் தெரியும். மேற்பரப்புக் கறைகளைப் பார்க்க மேலிருந்து விழும் ஒளி வேண்டும். முடிச்சு, கசங்கல், இழுபட்ட நூல் போன்றவற்றுக்கு, துணியை ஒட்டிச் சாய்வாகப் பாயும் ஒளியில் அவற்றின் நிழலே சாட்சி. ஒரே விளக்கில் எல்லாக் குறைகளையும் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். படத்தில் பதியாத குறையை எந்த மாதிரியாலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது கணக்கு. 1.6 மீட்டர் அகலத் துணியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியைப் பதியும், 8192 பிக்சல் கொண்ட ஒரு லைன் ஸ்கேன் கேமராவால் படம் பிடித்தால், ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கிடைக்கும். துணி நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 5000 வரிகள் எடுக்க வேண்டும். அதாவது ஒரு வரிக்கு 200 மைக்ரோவிநாடிதான் கிடைக்கும் என்பதால், விளக்கு மிகுந்த செறிவுடன் இருந்தாக வேண்டும். துணியின் வேகம் ஏறி இறங்கினாலும் படம் நீளாமலும் சுருங்காமலும் இருக்க, உருளையில் பொருத்திய, அதன் சுழற்சியை அளக்கும் என்கோடரின் துடிப்புகளே கேமராவை இயக்க வேண்டும்.

இந்த 0.2 மில்லிமீட்டரில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். சென்டிமீட்டருக்கு 45 பாவு இழைகள் கொண்ட மெல்லிய துணி ஒன்றில், 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மங்கலான கோடுகள் ரோல் முழுவதும் ஓடுவதாகத் திரை காட்டியது. தறியில்தான் கோளாறு என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் தேடினோம். ரோலைப் பிரித்துக் கண்ணால் பார்த்தபோது துணி மாசற்று இருந்தது. ஓர் இழைக்குக் குறைந்தது இரண்டு பிக்சல்களாவது கிடைக்காவிட்டால், இழைகளின் அடுக்கும் பிக்சல்களின் அடுக்கும் மோதி, இல்லாத கோடுகளை மொய்ரே விளைவாகத் தோற்றுவிக்கும். அகலத்தை இரண்டு கேமராக்களுக்குப் பங்கிட்டு, பிக்சலை 0.1 மில்லிமீட்டராக்கிய பிறகே அந்தக் கோடுகள் மறைந்தன.

இப்போது மாதிரிக்கு வருவோம். ஒரு காலத்தில், திரும்பத் திரும்ப வரும் நெசவு வடிவத்தைக் கணக்கால் பிரித்தறியும் ஃபூரியே உருமாற்றமும் காபோர் வடிப்பிகளும் இதற்குப் பயன்பட்டன. ஒரே சீரான வெற்றுத் துணிக்கு அவை இன்றும் மோசமில்லை. குறையுள்ள படங்கள் அரிதாகவே கிடைப்பதால், நல்ல துணியை மட்டும் காட்டிப் பயிற்றுவித்து, அதிலிருந்து விலகுவதைச் சுட்டும் அணுகுமுறை இப்போது பரவலாகியுள்ளது. 2019இல் வெளியான எம்விடெக் ஏடி (MVTec AD) என்ற சோதனைப் படங்களின் தரவுத்தொகுப்பு இதற்கெனவே அமைந்தது. அதில் கம்பளமும் ஒரு வகை. ஆனால் அங்கே கிடைக்கும் மதிப்பெண்ணை ஓடும் துணிக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். 256 பிக்சல் சதுரங்களாகப் பிரித்தால், முதலில் சொன்ன 1.6 மீட்டர் அகலத் துணியின் ஒரு மீட்டரில், 0.2 மில்லிமீட்டர் பிக்சலில், ஏறத்தாழ 640 சதுரங்கள் இருக்கும். நூறு மீட்டருக்கு 64,000. நல்ல சதுரங்களில் 99.9 விழுக்காட்டைச் சரியாகச் சொல்லும் மாதிரிகூட, நூறு மீட்டருக்கு 64 பொய் எச்சரிக்கைகளை எழுப்பும். நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் அது நூறு விநாடிக்குள் நடக்கும். அத்தனை முறை மணி அடித்தால், இயக்குபவர் முதல் வேலையாக அதன் ஒலியை அணைத்துவிடுவார். ஆகவே துல்லிய விழுக்காட்டை விட்டுவிட்டு, நூறு மீட்டருக்கு எத்தனை பொய் எச்சரிக்கை, எத்தனை தவறவிட்ட குறை என்று அளவிடுங்கள்.

குறையைக் கண்டறிவது வேறு, அதற்குப் புள்ளி இடுவது வேறு. துணியின் தரத்தைக் குறைகளுக்கான புள்ளிகளால் மதிப்பிடும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரை நீளும் குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஒரு நேர் கெஜத்துக்கு 4 புள்ளிகளுக்கு மேல் கிடையாது. ஓட்டைகளுக்குத் தனி விதி உண்டு. 7 அங்குலம் ஓடும் ஒரு பாவு அறுதலின் நடுவே ஓர் அங்குலம் மங்கியிருந்து, மென்பொருள் அதை இரண்டு 3 அங்குலத் துண்டுகளாகப் படித்தால், 3 புள்ளி பெற வேண்டிய குறை 2 புள்ளியோடு தப்பிவிடும். அருகருகே கிடக்கும் துண்டுகளை இணைக்கும் விதியை, அனுபவமுள்ள பரிசோதகரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நாங்கள் எழுதியவற்றில் அதிக முறை திருத்தப்பட்ட பகுதி அதுதான்.

மனிதரோடு ஒப்பிட்டும் கேட்டிருந்தீர்கள். தொடர்ந்து கண்காணிப்பவரின் கண்டறியும் திறன் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே சரியத் தொடங்குவதை உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் 1948இலேயே காட்டினார். இயந்திரத்துக்கு அந்தச் சோர்வு கிடையாது. ஆனால் காற்றில் பறந்து வந்து ஒட்டிய பஞ்சுத் துணுக்கு எது, நெசவோடு பின்னிய பஞ்சு எது என்பதை மனிதர் விரலால் தட்டிவிட்டு ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கேமராவுக்கு இரண்டும் ஒன்றே. எனவே எந்தக் குறை எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை இயந்திரம் தரட்டும், ஐயத்துக்குரிய இடங்களில் மட்டும் துணியை நிறுத்தி மனிதர் பார்க்கட்டும். சாய நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டை இந்தக் கேமராவிடம் ஒப்படைக்காதீர்கள். அதற்கு, நிறத்தைத் துல்லியமாக அளக்கும் நிறமாலை அளவி என்ற கருவி இருக்கிறது.

விற்பவர் செயல்விளக்கத்துக்கு அழைத்தால், குறைகளை நீங்களே முன்கூட்டிக் குறித்து வைத்த ஒரு ரோலை எடுத்துச் செல்லுங்கள். அதை இரண்டு முறை நேராகவும், ஒரு முறை கடைசி முனையிலிருந்து தலைகீழாகவும் ஓட்டச் சொல்லி, மூன்று வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.