நியூயார்க் மாநிலம் சம உரிமைக்காகத் தன் அரசியலமைப்பை எப்படித் திருத்தியது?

கேள்வி நியூயார்க் பற்றியது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. நம் மாநிலங்களுக்கு அப்படிக் கிடையாது.

நியூயார்க்கில் 1938-இல் சேர்த்த பிரிவு இனம், நிறம், சமயம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. பெண் என்பதற்காகப் பாகுபாடு? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் கதையும் அதேதான்.

திருத்துவது லேசுப்பட்ட வேலை அல்ல. சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும். நடுவில் ஒரு தேர்தல் வந்துபோன பிறகு புதிய அவைகள் மறுபடி நிறைவேற்ற வேண்டும். அப்புறம் மக்கள் வாக்கு. ஆளுநர் கையெழுத்துக்கு இதில் வேலையே இல்லை.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கிய தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த வாரமே நியூயார்க் அவைகள் சம உரிமைத் திருத்தத்தை நிறைவேற்றின. 2023 ஜனவரியில் இரண்டாம் முறை. 2024 மே மாதம் ஒரு நீதிபதி, நடைமுறைத் தவறு என்று வாக்குச்சீட்டிலிருந்தே அதை நீக்கினார். வழக்கு தாமதமாக வந்தது என்று மேல்முறையீட்டில் அந்த உத்தரவு அடிபட்டது.

நவம்பரில் மக்கள் ஏற்றார்கள். பாலினம், வயது, உடற்குறைபாடு, பாலின அடையாளம், கர்ப்பம் எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு சண்டைக்கும் காரணமான 'கருக்கலைப்பு' என்ற சொல் மட்டும் வாக்குச்சீட்டில் இல்லை. 'இனப்பெருக்க நலம்' என்றுதான் இருந்தது.