இரட்டைக் கார்புரேட்டரின் நடுக்கம்

கேள்வி: இரட்டை சிலிண்டர் கொண்ட என் பழைய மோட்டார் சைக்கிளின் இரு ஸ்லைடு கார்புரேட்டர்களையும் சுத்தம் செய்து மாட்டிய பிறகும், ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஓடும்போது) வண்டி நடுங்குவது ஏன்?

பதில்: முதலில் வால்வு இடைவெளியையும் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி எழும் நேரத்தையும்) சரிபாருங்கள்; இதை விட்டுவிட்டு ஸ்குரூவைத் திருகியே களைத்துப்போகிறவர்கள்தான் அதிகம். பிறகு, இரு கார்புரேட்டர்களும் சமமாகத் திறக்கின்றனவா என்று பார்க்க, இன்ஜினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒரே தடிமனுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை ஸ்லைடுகளின் (காற்று வழியைத் திறந்து மூடும் தடுப்புகளின்) அடியில் கவ்வும்படி வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகினால், இரண்டும் ஒரே நொடியில் தளர்ந்து சாய வேண்டும். ஒன்று முந்தினால், பிந்துகிற பக்கத்துக் கேபிளின் தளர்வை அட்ஜஸ்டரில் குறையுங்கள். பிட்டுகளை மறக்காமல் எடுத்துவிட்டு, இன்ஜின் நன்கு சூடேறியதும், வேக்வம் கேஜில் (சிலிண்டர் காற்றை இழுக்கும் அளவைக் காட்டும் மானியில்) இரு பக்க அளவும் சமமாகும்வரை ஐடில் ஸ்குரூக்களைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வேகம் ஏறினால், கேபிளில் தளர்வு போதவில்லை என்று பொருள்.