கேள்வி பதில்: பாலே மேடையில் இருந்து விமானத்துக்கு

கேள்வி: என் மகள் ஏழு வயதில் இருந்து பரதம் கற்கிறாள், அரங்கேற்றமும் ஆகிவிட்டது. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள், திடீரென்று பைலட் ஆகப்போகிறேன் என்கிறாள். ஆட்டத்துக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். இப்படி மாறிப்போனவர்கள் யாராவது உண்டா?

பதில்: உண்டு அம்மா. நியூசிலாந்தின் ஜீன் பேட்டனைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். 1909-ல் ரோட்டொருவா என்ற ஊரில் பிறந்தவர், அப்பா பல் மருத்துவர். அந்த வருஷம்தான் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். ஜீனின் அம்மா அந்தப் படத்தைப் பத்திரிகையில் இருந்து வெட்டித் தொட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாராம். ஆனாலும் பெண் வளர்ந்தது ஆக்லாந்தில் பாலே நடனமும் பியானோவுமாகத்தான். 1929-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில், அப்போது உலகமே கொண்டாடிய ஆஸ்திரேலிய விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் அவரைத் தன் விமானத்தில் ஏற்றி ஒரு சுற்று காட்டினார். அவ்வளவுதான், பெண் முடிவு செய்துவிட்டாள்.

அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இசை படிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு 1930-ல் அம்மாவும் மகளும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள். பியானோவை விற்ற காசும் விமானப் படிப்புக்குப் போனது. அப்பாவிடம் மறைத்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகள் உங்களிடம் நேராகச் சொல்கிறாளே, அது எவ்வளவு நல்ல விஷயம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: முதல் முயற்சியிலேயே சாதித்துவிட்டாரா?

பதில்: இல்லவே இல்லை, எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடமே இதுதான். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்க வேண்டும், 1930-ல் அதைச் செய்த ஏமி ஜான்சனின் நேரத்தை முறியடிக்க வேண்டும் என்பது குறி. 1933-ல் கிளம்பினார். வழியெல்லாம் மணல்புயல், கடைசியில் கராச்சிக்குப் பக்கத்தில் எஞ்சினின் கனெக்டிங் ராடு உடைந்து விமானம் தரையில் மோதியது. விமானத்துக்குப் பணம் போட்டவர் இனி முடியாது என்று கைவிரித்துவிட்டார். அப்புறம் எஞ்சின் ஆயில் வியாபாரியான வேக்ஃபீல்ட் பிரபு உதவ, ஜிப்சி மாத் என்ற, மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை உள்ள பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கி 1934 ஏப்ரலில் மறுபடி புறப்பட்டார். பிரான்சில் வானிலை மோசம், போகாதே என்று தடுத்தார்கள், கேட்கவில்லை. ரோம் நகருக்கு மேலே நடு இரவு, கொட்டும் மழை, பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. கீழே விளக்குகள் இல்லாத இருட்டுத் துண்டாகப் பார்த்து இறக்கினார். அது வானொலிக் கம்பங்களுக்கு நடுவில் இருந்த சின்ன வெளி. உதட்டில் வெட்டு, இறக்கைகள் சேதம், உயிர் மட்டும் தப்பியது.

ரிப்பேர் பார்த்து இங்கிலாந்து திரும்பியவர் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு நிச்சயமாகியிருந்தவரிடமும் ஒரு ஜிப்சி மாத் இருந்தது. அதன் கீழ் இறக்கைகளைக் கேட்டு வாங்கித் தன் விமானத்தில் பூட்டிக்கொண்டு, மே 8-ம் தேதி மூன்றாவது முறையாகக் கிளம்பிவிட்டார். திறந்த காக்பிட், வயர்லெஸ் கிடையாது, கையில் வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், அவ்வளவுதான். 14 நாள் 22 மணி 30 நிமிஷத்தில் ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் உள்ள டார்வின் நகரம். ஏமியின் நேரத்தைவிட நாலு நாளுக்கும் மேல் குறைவு.

கேள்வி: நடனம் கற்றது விமானம் ஓட்ட எந்த வகையிலாவது உதவியிருக்குமா?

பதில்: உதவியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜிப்சி மாத் மாதிரி வால் தரையில் பட நிற்கும் விமானம் தரையில் இறங்கி ஓடும்போது அதை நேராகப் பிடித்து வைப்பது கால்தான். இரண்டு பாதமும் ரட்டர் பெடலில், அதாவது வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியில் இருக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துவது என்பதைக் கண் பார்த்து மூளை கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் காலம் கடந்துவிடும், பாதமே உணர வேண்டும். தட்டடவு போட்ட பிள்ளைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, தினமும் ஒரே விஷயத்தைச் சலிக்காமல் திரும்பச் செய்யும் பழக்கம். மேடைப் பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. பல மணி நேரம் எண்ணெய்ப் புகையில் உட்கார்ந்து வந்தாலும், தரை தொட்டதும் பவுடர் பூசி, தலை சீவி, வெள்ளை உடையில்தான் கீழே இறங்குவார். கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் விமானம் என்றாலே உயிர் போகும் என்று பயந்த ஜனங்களுக்கு, மலர்ந்த முகத்தோடு ஒரு பெண் அதில் இருந்து இறங்கி வந்ததே பெரிய விளம்பரம் என்பேன்.

கேள்வி: விமானப் பயணத்தை மக்களிடம் கொண்டுபோனவர் என்றும் சொல்கிறார்களே?

பதில்: ஆமாம். டார்வின் பயணம் முடிந்ததும் விமானத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போய், ஊர் ஊராகப் பறந்து பேசினார். கூடவே ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஹினே ஓ தே ராங்கி, வானத்தின் மகள் என்று பொருள்.

1935-ல் பெர்சிவல் கல் என்ற விமானத்தில் தெற்கு அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார், அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். 1936 அக்டோபரில் இங்கிலாந்தில் இருந்து நியூசிலாந்துக்கு 11 நாள் 45 நிமிஷம், அந்தச் சாதனை 44 வருஷம் நின்றது. கடைசிக் கட்டம் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவில் உள்ள டாஸ்மன் கடல், பத்தரை மணி நேரம் வெறும் தண்ணீருக்கு மேல். நான் விழுந்தால் தேட வேண்டாம், என்னைத் தேடி இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். அதே கடலின் மேல் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் இடையே பயணிகள் விமான சேவை 1940 ஏப்ரலில் தொடங்கியது, அவர் பறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவருடைய விமானத்தை அரசு எடுத்துக்கொண்டது, அவருக்கு ஓட்ட இடம் தரவில்லை. விமானமும் ஆயுதமும் வாங்க நிதி திரட்டும் கூட்டங்களில் பேசினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி இருந்தது? மகளிடம் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். போருக்குப் பிறகு அம்மாவோடு ஜமைக்கா, டெனரீஃப் என்று ஒதுங்கி வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1966-ல் அம்மா இறந்த பின் முழுத் தனிமை. 1982 நவம்பரில் ஸ்பெயினின் மயோர்கா தீவில் நாய் கடித்த காயம் சீழ்வைத்து, வைத்தியம் பார்த்துக்கொள்ளாமல் தனியாக இறந்துபோனார். யார் என்றே தெரியாமல் ஏழைகளுக்கான பொதுக் குழியில் புதைத்துவிட்டார்கள். உலகத்துக்கு விஷயம் தெரிய வந்தது 1987-ல்தான்.

அவர் ஓட்டிய அந்த பெர்சிவல் கல் மட்டும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தின் சர்வதேச முனையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், பயணிகள் நடக்கும் இடத்துக்கு மேலே அந்த விமானம் தொங்குகிறது.